பரிமாறுகிறவன் டோரியானால்...

நுணலும் தன் வாயால் கெடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிரிட்டிஷ் டோரிக் கட்சியின் ரிஷி சுனாக் 2022 ஜூலை 29-ந் தேதியன்று செய்த பிரசங்கத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு இந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

லண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட் ஜில்லாவில், டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்று ஓர் ஊர். செல்வச் செழிப்புள்ள ஊர். டோரிகளின் பழைய கோட்டை. கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுக் கொண்டிருந்த சுனாக் அங்கே ஓட்டுக் கேட்கப் போனார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புவரை அவர்தான் நிதி மந்திரி. கேட்பவர்கள் எல்லாம் நம்மவர்கள்தானே என்ற தைரியம் போலும். தமது சாதனை ஒன்றைச் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொண்டார். தொழிற்கட்சி விட்டுச் சென்ற மானியச் சூத்திரங்கள் பணத்தையெல்லாம் வறுமை மிகுந்த நகரப் பகுதிகளுக்கே தள்ளிவிட்டன. அதை மாற்றியாக வேண்டியிருந்தது. மாற்றும் வேலையைத் தொடங்கி வைத்தவன் நானே. உங்கள் ஊரைப் போன்ற ஊர்களுக்கும் உரிய பணம் வரவேண்டும் என்பதற்காக. இதுவே அவர் பேச்சின் சாரம். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 5-ந் தேதி, பேச்சின் படம் ஒரு பத்திரிகை மூலம் வெளியாயிற்று. நாடே பார்த்தது.

வறுமை என்பது பெரிய நகரங்களில் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் கிராமங்களிலும் உண்டு, அதைத்தான் சொன்னேன் என்று பிறகு சமாதானம் வந்தது. உண்டுதான், யார் மறுத்தார்கள்? நகரத்து ஏழை, கிராமத்து ஏழை என்று பேதம் பார்ப்பவர்கள் நாமல்ல. ஆனால் ஏழைக் கிராமத்தைத் தேடிப் புறப்பட்டவன் டன்பிரிட்ஜ் வெல்ஸுக்கா போய்ச் சேருவான்?

அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளியன்று, இவர் டோரிக் கட்சியின் தலைவரானபோது நம் நாட்டுப் பத்திரிகைகள் சில ‘நம்மவர்’ என்று கூத்தாடின. தாம் யாருக்கு நம்மவர் என்பதை அவரே மூன்று மாதம் முன்பு தெளிவாகச் சொல்லியிருந்தார்.

சீமைச் சமாசாரம் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 1688-ல் சென்னைப் பட்டணத்துக்கு கார்ப்பரேஷன் கொடுத்தது நாங்கள், 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானம் கொடுத்தார் என்று மார்தட்டியவர்கள் இவர்கள். நமக்குப் பாடம் நடத்திய வாத்தியார் தம் வீட்டில் ஸ்தல ஸ்தாபனங்களை எப்படி நடத்துகிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

யார் வீட்டுப் பணம்?

இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிப்பது, ஆதரவற்ற குழந்தைகளைக் காப்பது, வீடில்லாதவர்களுக்கு இருப்பிடம் தருவது, குப்பை, தெரு விளக்கு, நூலகம் எல்லாம் கவுன்சில்களின் பொறுப்பு. அவர்கள் ஜனங்களிடம் வசூலிக்கும் பிரதான வரி வீட்டு வரி. அந்த வரியின் லட்சணத்தைக் கேளுங்கள். 1991 ஏப்ரல் மாதத்து விலையை வைத்து வீடுகளை எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள். அந்த மதிப்பு இன்றுவரை திருத்தப்படவில்லை. ஒரே கவுன்சில் எல்லைக்குள், மிக உயர்ந்த வகுப்பு மாளிகைக்காரர் கட்டுவது மிகத் தாழ்ந்த வகுப்பு வீட்டுக்காரர் கட்டுவதைப் போல் மூன்றே மடங்கு. மாளிகையின் விலை முப்பது மடங்கானாலும் வரி மூன்று மடங்குதான்!

சுரங்கம் மூடிய ஊர், துறைமுகம் ஓய்ந்த ஊர், ஆலை போன ஊர்: இங்கெல்லாம் வீடுகள் சிறியவை, வரி வருமானம் சொற்பம். உதவி நாடி வருகிறவர்களோ ஏராளம். பணக்கார ஊரில் நிலைமை நேர்மாறு. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மத்திய சர்க்காரின் மானியம் ஏற்பட்டது. அது தர்மமல்ல. லிவர்ப்பூல் துறைமுகத்திலும் பார்ன்ஸ்லி சுரங்கங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் உண்டாக்கிய செல்வத்தில் ஒரு சிறு பகுதி அவர்களுக்கே திரும்பி வருவது. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை ஜனத்தொகை, முதியோர் எண்ணிக்கை, வறுமை ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு சூத்திரம் நிர்ணயிக்கும். சூத்திரத்திலும் சூது புகும். அதை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனாலும் காகிதத்தில் எழுதியிருப்பதை எடுத்துக் காட்டிச் சண்டை போடலாம். மந்திரியின் மனசில் இருப்பதை எடுத்துக் காட்ட முடியுமா?

2010-ல் டோரிகள் லிபரல்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஆட்சிக்கு வந்தார்கள். வங்கி முதலாளிகள் 2008-ல் மூட்டிய தீக்குத் தண்ணீர் ஊற்றும் செலவு கவுன்சில்களின் தலையில் விழுந்தது. 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையில் மத்திய சர்க்கார் கவுன்சில்களுக்குத் தந்த நிதி, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவிகிதம் விழுந்துவிட்டது. இது நாம் போட்ட கணக்கல்ல. பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லும் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்கு. மானியத்தையே நம்பியிருந்த ஏழை ஊர்களுக்கு விழுந்தது வெட்டு. சொந்த வருமானமுள்ள ஊர்களுக்கு விழுந்தது கீறல்.

எவ்வளவு வெட்டினோம் என்பது வெட்டியவருக்கே தெரியவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2015 செப்டம்பரில் பிரதம மந்திரி டேவிட் காமரூன் தம் சொந்த ஜில்லாவான ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்சிலின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். முதியோர் பகல் விடுதிகளையும் நூலகங்களையும் வெட்டப் போகிறீர்களாமே, ஏமாற்றமாயிருக்கிறது, வேறு வகையில் சிக்கனம் செய்யக் கூடாதா என்று புத்திமதி! கவுன்சில் தலைவரும் டோரிதான். ஆனால் அவர் கணக்குப் பார்ப்பவர். 7 கோடி 20 லட்சம் பவுண்டு, அதாவது 37 சதவிகிதம் மானியம் குறைந்ததைச் சிறிய குறைவு என்று தாங்கள் வர்ணிப்பதை ஏற்க முடியாது என்று பதில் எழுதினார். நவம்பரில் இந்தக் கடிதப் போக்குவரத்து பத்திரிகையில் வந்துவிட்டது. லண்டனில் உட்கார்ந்து பிள்ளையைக் கிள்ளுவது, தொகுதிக்குப் போய்த் தொட்டிலை ஆட்டுவது!

தொட்டில் ஆட்டக் காசும் சீக்கிரமே கிடைத்தது. 2016 பிப்ரவரியில் மானியப் பங்கீட்டில் ஒரு மாறுதல் செய்தார்கள். ஒவ்வொரு கவுன்சிலும் சொந்த வரியாக எவ்வளவு திரட்ட முடியும் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். நியாயமான காரியந்தான். உடனே பணக்கார ஜில்லாக்களுக்கும் வெட்டு உறைத்தது. ஆறு வருஷமாக லிவர்ப்பூல் கதறியபோது காது கேளாதிருந்த டோரி எம்.பி.க்கள் கொதித்தெழுந்தார்கள். சொந்த மந்திரிசபைக்கு எதிராகக் கலகம் செய்வோம் என்று மிரட்டினார்கள். ‘மாறுதல் கால மானியம்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு 30 கோடி பவுண்டு எங்கிருந்தோ முளைத்தது. அதில் மிகப் பெரும் பகுதி டோரிகள் ஆளும் கவுன்சில்களுக்கே போயிற்று. லண்டனை ஒட்டிய சீமான்களின் ஜில்லாவான சர்ரேக்கு மட்டும் சுமார் 2 கோடி 40 லட்சம். காமரூனின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயருக்கும் ஒரு பங்கு. லிவர்ப்பூலுக்கு? ஒரு பென்னி இல்லை. மான்செஸ்டருக்கு? இல்லை.

கைமாறிய செய்திகள்

அந்தச் சர்ரேக்கு அதுவும் போதவில்லை. 2017 ஜனவரியில், முதியோர் பராமரிப்புக்குப் பணமில்லை, வீட்டு வரியை 15 சதவிகிதம் உயர்த்த வாக்கெடுப்பு நடத்தப் போகிறோம் என்று சர்ரே கவுன்சில் அறிவித்தது. நிதி மந்திரி பிலிப் ஹாமண்டும் சுகாதார மந்திரி ஜெரிமி ஹண்டும் சர்ரேயிலிருந்து வந்த எம்.பி.க்கள். அவர்கள் தொகுதியிலேயே, அவர்கள் கட்சிக் கவுன்சிலே, பணமில்லை என்று ஓட்டுப் பெட்டி வைத்தால் மானம் என்னாவது? பிப்ரவரி 7-ந் தேதி வாக்கெடுப்பு திடீரென்று கைவிடப்பட்டது. மறுநாள் பார்லிமெண்டில் ஜெரிமி கார்பின் எழுந்தார். சர்ரே கவுன்சில் தலைவர் ‘நிக்’ என்பவருக்கு அனுப்பிய கைபேசிச் செய்திகளைப் படித்துக் காட்டினார். இலாகா மந்திரியின் ஆலோசகருக்குப் போக வேண்டியவை அவை. ஆள் மாறிப் போய்விட்டன!

விசேஷ ஒப்பந்தம் எதுவும் கிடையாது என்று சர்க்கார் சாதித்தது. மார்ச் மாதத்தில், எழுத்தில் இல்லாமல் கனவான்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு என்று அந்தத் தலைவர் தம் கட்சிக் கவுன்சிலர்களிடம் பேசிய ஒலிப்பதிவு வெளியாயிற்று. வர்த்தக வரியை முழுவதும் தாங்களே வைத்துக் கொள்ளும் பரிசோதனைத் திட்டத்துக்கு எந்தக் கவுன்சிலும் மனுப் போடலாம், சர்ரேயும் போடலாம், அவ்வளவுதான் என்றது சர்க்கார். 2018-19-க்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் சர்ரேயும் இருந்தது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இதுவரை பார்த்தது கட்சிக்காரர்களுக்குள் நடந்த கசமுசா. போரிஸ் ஜான்சன் பிரதம மந்திரியானதும் அதையே சர்க்கார் திட்டமாக்கினார்கள். பாதி மானியத்தைப் பறித்தாயிற்று. பறித்ததில் ஒரு துண்டை எடுத்து ‘நிதி’ என்று பெயர் சூட்டி, ரிப்பன் கட்டி, மந்திரி தம் கையால் கொடுப்பார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. அதிலும் எந்தப் பிள்ளையாருக்கு என்பதையும் தேங்காயை எடுத்தவரே தீர்மானிப்பார்!

2019-ல் வந்த ‘நகரங்கள் நிதி’ 360 கோடி பவுண்டு. இலாகா அதிகாரிகள் 541 ஊர்களை வருமானம், தொழில், கல்வி என்று அளந்து வரிசைப்படுத்தினார்கள். மிகுந்த தேவையுள்ளவை 40, நடுத்தரம் 318, குறைந்த தேவையுள்ளவை 183. முதல் 40 ஊர்களையும் அப்படியே எடுத்துக் கொண்டார்கள். மீதியில் எவை என்பது மந்திரிகளின் சித்தம். நடுத்தரத்தில் 49, கடைசி வகையில் 12 பொறுக்கினார்கள். மொத்தம் 101 ஊர். ஊர் ஒன்றுக்குச் சாதாரணமாக 2 கோடி 50 லட்சம் பவுண்டு வரை கிடைக்கும். பட்டியல் வெளியான தேதி செப்டம்பர் 6. பொதுத் தேர்தல் நடந்த தேதி டிசம்பர் 12.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சீடில் என்று ஓர் ஊர். 541-ல் அதற்கு 535-வது இடம். அதாவது, அதைவிடத் தேவை குறைந்த ஊர்கள் ஆறே ஆறு! அது பொறுக்கப்பட்டது. ஏன்? போக்குவரத்து வழிகளுக்குப் பக்கத்தில் நல்ல இடத்தில் அமைந்திருக்கிறதாம். அந்தத் தொகுதியில் டோரி எம்.பி. லிபரல்களோடு மயிரிழையில் போராடிக் கொண்டிருந்தார் என்பதை மந்திரிகள் காரணமாக எழுதவில்லை. எழுத மறந்துவிட்டார்கள் போலும்.

நியூவார்க் 270-வது இடம். அதுவும் பட்டியலில் ஏறி, 2 கோடி 50 லட்சம் வாங்கிற்று. நியூவார்க்கின் எம்.பி. யார்? இலாகா மந்திரி ராபர்ட் ஜென்ரிக்! பத்திரிகைகள் கேட்டபோது அவர் சொன்ன பதிலை வாசகர்கள் ரசிக்க வேண்டும். தம் ஊரைத் தாம் தேர்ந்தெடுக்கவில்லையாம். தம் கீழ் இருந்த ராஜாங்க மந்திரி ஜேக் பெரி தேர்ந்தெடுத்தாராம். ஜேக் பெரியின் தொகுதியில் உள்ள டார்வெனும் பட்டியலில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவர்? ஜென்ரிக்! பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது நம் ஊர்ப் பந்தியில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

தணிக்கை அலுவலகம் 2020 ஜூலையில் இந்த விவரங்களை அம்பலப்படுத்திற்று. டோரி எம்.பி.க்களும் அங்கம் வகிக்கும் பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் கமிட்டி, மந்திரிகள் காட்டிய காரணங்கள் தனக்குத் திருப்தி தரவில்லை என்று அந்த நவம்பரில் எழுதிற்று. எடுத்த ஊர்களையும் விட்ட ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பேராசிரியர் கிறிஸ் ஹான்ரெட்டி, டோரிகள் குறைந்த ஓட்டில் பிடித்து வைத்திருந்த தொகுதிகளின் ஊர்களுக்கே மந்திரிகளின் கை நீண்டது என்று 2021-ல் காட்டினார். யாராவது ராஜிநாமா செய்தார்களா? இல்லை.

அதற்குள் அடுத்த பந்தி விரித்தாயிற்று. 2021 மார்ச்சில் 480 கோடி பவுண்டில் ‘சமப்படுத்தும் நிதி’. யாரை யாரோடு சமப்படுத்துவது? முதல் முன்னுரிமைப் பட்டியலில் ரிச்மண்ட்ஷயர் இருந்தது. நிதி மந்திரி சுனாக்கின் சொந்தப் பிரதேசம். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுச் சிதைந்த பார்ன்ஸ்லி இரண்டாவது பட்டியலில். தரம் பிரித்த அளவுகோலில் ஊரின் வறுமையை அளக்கும் சர்க்காரின் சொந்தக் குறியீடே இல்லை! 2023 ஜனவரியில் இரண்டாவது சுற்றுப் பணம் அறிவிக்கப்பட்டபோது சுனாக் பிரதம மந்திரி. அவருடைய தொகுதியிலுள்ள காட்டரிக் பாளையத்துக்கு 1 கோடி 90 லட்சம் பவுண்டு.

அந்தச் சுற்றில் இன்னொரு கூத்து. கவுன்சில்கள் ஆலோசகக் கம்பெனிகளுக்குக் கொட்டிக் கொடுத்து மனுக்கள் தயாரித்துப் போட்டு முடித்த பிறகு, முதல் சுற்றில் பெற்றவர்களுக்கு இந்தச் சுற்றில் கிடையாது என்று மந்திரிகள் முடிவு செய்தார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் மூடிய நூலகங்களில் சிலவற்றையாவது திறந்திருக்கலாம். இது பிச்சைப் பாத்திரக் கலாசாரம் என்று ஒருவர் சீறினார். சீறியவர் கம்யூனிஸ்டு அல்ல, தொழிற்கட்சிக்காரரும் அல்ல. மேற்கு மிட்லண்ட்ஸ் பிரதேசத்தின் டோரி மேயர் ஆண்டி ஸ்ட்ரீட்!

பாத்திரம் ஏந்த வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். உரிமையாக வரும் பணத்துக்கு எவனும் எவனுக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. மந்திரி தரும் பணத்துக்குக் கும்பிட வேண்டும், திறப்பு விழாவுக்கு அவரை அழைக்க வேண்டும், எங்கள் எம்.பி.யால் வந்தது என்று துண்டுப் பிரசுரம் போட விட வேண்டும். ‘வேண்டியவரைத் தேர்ந்தெடுத்தால் பணம் வரும்’ என்று எங்கும் எழுத வேண்டியதில்லை. ஊர் புரிந்து கொள்ளும். வருஷா வருஷம் முதியோர் பராமரிப்புக்கு வேண்டிய பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரே தடவை செலவழிக்கும் பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் தருவதன் சூட்சுமமும் இதுவே. கிழவியின் தலைமாட்டில் ஒரு பணிப்பெண் கூடுதலாக அரை மணி உட்கார்ந்திருந்தால் அதைப் படம் எடுத்துத் தேர்தலில் காட்ட முடியுமா?

பாப்லர் காட்டிய பாதை

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே நாட்டில் பாத்திரம் ஏந்த மறுத்தவர்கள் இருந்தார்கள். லண்டனின் கிழக்கே, கப்பல் துறைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி பாப்லர். ஒரே விகிதத்தில் வரி போட்டால் மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் பாப்லரைப்போல் பல மடங்கு பணம் விழும். வேலையில்லாதோருக்கு நிவாரணம் கொடுக்க வேண்டிய சுமையோ பாப்லரின் தலையில். 1921-ல் பாப்லர் கவுன்சிலர்கள் லண்டன் ஜில்லாக் கவுன்சிலுக்கும் போலீசுக்கும் கட்ட வேண்டிய பங்கை வசூலிக்கவே மாட்டோம் என்று தீர்மானித்தார்கள். ஏழைப் பேட்டைகளின் பாரத்தைப் பணக்காரப் பேட்டைகளும் சுமக்கட்டும் என்றார்கள். ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் 30 கவுன்சிலர்கள் சிறை சென்றார்கள். அவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு. பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடந்தது. ஹாலோவே சிறையிலிருந்து பெண் கவுன்சிலர்களைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். ஆறு வாரம். சர்க்கார் பணிந்தது. நிவாரணச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்து கொள்ளும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறிற்று. சிறையிலிருந்து வந்த மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி முதல் தேதி இறந்து போனார். வயது 32.

அப்போதே, இதெல்லாம் சட்ட விரோதம், கட்சிக்குக் கெட்ட பெயர் என்று முகம் சுளித்தவர்கள் தொழிற்கட்சிக்குள் இருந்தார்கள். பக்கத்து ஹாக்னியின் மேயர் ஹெர்பர்ட் மாரிஸன் அவர்களில் ஒருவர். அந்த வாரிசுகள்தான் 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்தார்கள். சிலவற்றைச் செய்தார்கள் என்பதை ஒப்புக் கொள்வோம். 2025-26-க்கு வறுமை மிகுந்த இடங்களுக்கென்று 60 கோடி பவுண்டு மீட்பு மானியம் ஒதுக்கினார்கள். கிராமப்புற விசேஷ மானியத்தை நிறுத்தினார்கள். உடனே டோரிகள், அரசியல் பாரபட்சம் என்று ஓலமிட்டார்கள். எவர் வாயிலிருந்து எந்த வார்த்தை! ஆனால் பதினான்கு ஆண்டுகளில் பறித்ததைத் திருப்பித் தருவோம் என்று தொழிற்கட்சி மந்திரிகள் சொன்னார்களா? சொல்லவில்லை.

பர்மிங்காமைப் பாருங்கள். அப்போது தொழிற்கட்சி ஆண்ட அந்த மாநகரக் கவுன்சில் 2023 செப்டம்பர் 5-ந் தேதி கைவிரித்துவிட்டது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் ஏமாற்றிச் சேர்ந்த பாக்கியும், கணக்கு எழுத வாங்கிய கம்ப்யூட்டர் ஏற்பாடு கெட்டுப் போனதும் காரணம் என்றார்கள். அதில் உண்மை உண்டு. அந்தப் பழி கவுன்சிலையே சாரும். ஆனால் பத்தாண்டு வெட்டில் எலும்பும் தோலுமானவனுக்குத்தான் ஒரே அடியில் உயிர் போகும். லண்டனிலிருந்து கமிஷனர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டு வரி 2024-ல் 9.99 சதவிகிதம் ஏறிற்று. 2025-ல் மீண்டும் 7.49 சதவிகிதம். குப்பை வண்டித் தொழிலாளர்களில் ஒரு வகைப் பதவியையே ஒழித்தார்கள். சிலருக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை சம்பளம் போகும் என்றது அவர்களுடைய யூனைட் சங்கம். அவ்வளவு இல்லை என்றது கவுன்சில். 2025 மார்ச் 11-ந் தேதி தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தெருவெங்கும் குப்பை மலை, எலித் தொல்லை என்று லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போட்டன. சர்ரே வாங்கிய 2 கோடி 40 லட்சத்தை அந்தப் பக்கங்களில் எவரும் நினைவூட்டவில்லை.